ஆனைக்கல்பட்டில் நாற்பத்தோரு சனிக்கிழமை

கண்டாச்சிபுரத்துக்கு மேற்கே ஆறு கிலோமீட்டரில் இருக்கும் ஆனைக்கல்பட்டில், போன வருஷம் ஆடி மாதம், சனிக்கிழமைக்கு மறுநாளும் சனிக்கிழமையாகவே விடிந்தது. அதற்கு மறுநாளும் அப்படியே. மொத்தம் நாற்பத்தோரு நாள். ஊரில் இருநூற்றுப் பத்து வீடு. அத்தனை வீட்டிலும் காலண்டர் தாளைக் கிழித்தால் அடியில் இன்னொரு சனிக்கிழமை இருந்தது, அதே ராகுகாலம், அதே ராசிபலன். முதலில் அச்சுக்காரன் தப்பு என்று ஊர் நினைத்தது. நகைக்கடைக் காலண்டர், உரக்கடைக் காலண்டர், பத்திரிகைக் காலண்டர் என்று எல்லா அச்சுக்காரனும் ஒரே தப்பைச் செய்வானா என்று யாரோ கேட்ட பிறகுதான் கைபேசியை எடுத்துப் பார்த்தார்கள். ஊர் எல்லைத் தரைப்பாலத்துக்கு இந்தப் பக்கம் சனி. அந்தப் பக்கம் திங்கள். பாலத்தின் நடுவில் நின்றால் கைபேசி எதையும் காட்டவில்லை. திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கு வந்த டீச்சர், பாலத்தைத் தாண்டியதும் லீவு நாளில் வந்துவிட்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டு திரும்பிப் போனார். சனிக்கிழமை கவுச்சி ஆகாது என்பதால் கறிக்கடைக்காரர் இரண்டாவது வாரமே ஆட்டை அவிழ்த்து மேய விட்டார்.

மனிதர் கையால் செய்கிற காரியம் எல்லாம் வழக்கம்போல நடந்தது. தானாக ஆக வேண்டியது மட்டும் நின்றுபோனது. விதைத்த மல்லாட்டைக் கடலை முளைக்கவும் இல்லை, அழுகவும் இல்லை. தோண்டிப் பார்த்தால் போட்டபடியே மினுமினுவென்று இருந்தது. ராத்திரி உறை ஊற்றிய பால் காலையிலும் பாலாகவே இருந்தது. அரைத்த மாவு புளிக்கவில்லை. கோழி முட்டை இடவில்லை. வாரத்தில் ஒரு நாள் சனி பிடித்தாலே தாங்காத ஜனம், ஏழு நாளும் பிடித்தால் என்ன செய்யும்? எள் விளக்குப் போட்டது. எள் விலை ஏறியதுதான் மிச்சம்.

இதற்கெல்லாம் காரணம் ஒரு புத்தகம். அதைப் படித்தவள் சூர்யகலா.

சூர்யகலாவுக்கு நாற்பத்தாறு வயது. ஒன்றரை ஏக்கர் மேட்டு நிலம், ஒரு கறவை மாடு, புருஷன் சுப்பராயலு. பிள்ளை இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஊசியில் நூல் கோக்க முடியாமல் போய், திண்டிவனத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு கண்ணாடிக் கடைக்குப் போனாள். கடையை நடத்தும் அமலோற்பவம் என்கிற அம்மாள் கொஞ்சம் வேறு தினுசு. எழுத்து அட்டையைச் சுவரில் மாட்டிப் படிக்கச் சொல்வதெல்லாம் அவருக்குப் பிடிக்காது. கையில் ஒரு புத்தகத்தைக் கொடுத்து, கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டு, எந்தக் கண்ணாடியில் ஆள் நிறுத்தாமல் படிக்கிறாரோ அதுதான் நம்பர் என்பார். அன்றைக்கு அவர் கொடுத்தது, ஏசுநாதர் பேய் விரட்டினபோது ஏரியில் விழுந்து செத்த இரண்டாயிரம் பன்றிகளைப் பற்றி, அந்தப் பன்றிகளின் சொந்தக்காரன் சொல்வதுபோல எழுதிய புத்தகம். சூர்யகலா நின்றபடியே பதினோரு பக்கம் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

“இந்தப் பன்னிக்காரனுக்கு யாருக்கா பதில் சொன்னது?”

“அதத்தாம்மா நாங்க ரெண்டாயிரம் வருஷமா கேக்காம வுட்டுட்டோம்” என்றார் அமலோற்பவம். கண்ணாடியோடு புத்தகமும் கூடவே வந்தது.

அந்தக் கடை மாடியில் மாதத்தின் இரண்டாவது ஞாயிறு பன்னிரண்டு பேர் கூடுவார்கள். கிறிஸ்தவ விசுவாசத்தைப் புதுப் பக்கமாக நின்று பார்க்கும் புத்தகங்களாகத் தேடிப் பிடித்துப் படித்துப் பேசுவது அவர்கள் வேலை. அதில் கழுத்தில் ஜெபமாலையும் கையில் பைபிளும் இல்லாமல் மஞ்சள் கயிறும் பஸ் டிக்கெட்டுமாக உட்கார்ந்திருந்தது சூர்யகலா ஒருத்திதான். ஏசு சபித்த அத்திமரத்தை, தோட்டக்காரன் சொல்வதுபோல எழுதிய புத்தகத்தை ஒரு மாதம் எடுத்துக்கொண்டார்கள். ஆளாளுக்குத் தத்துவம் பேசினார்கள். இவள் கேட்டது ஒன்றுதான். “காய்க்கிற பருவமே இல்லன்னு அதுலயே எழுதியிருக்குதுங்களே, மரம் இன்னா பண்ணும்?” மூலையில் இருந்த வயதான கன்னிகாஸ்திரீ ஒருவர் அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார்.

சுப்பராயலு பாரதம் படிப்பவர். அந்தச் சுற்றுவட்டாரத்தில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவுக்குப் பதினெட்டு நாள் மத்தியானத்தில் உட்கார்ந்து பாரதம் படிக்க, அனந்தபுரம் வரைக்கும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். பாரதம் படிப்பதற்குச் சட்டம் உண்டு. தொடங்கினவர்தான் முடிக்க வேண்டும். நடுவில் விடக்கூடாது. முக்கியமாக, சாவில் நிறுத்தக்கூடாது. களத்தில் எத்தனை பேர் விழுந்தாலும் தருமர் தலையில் கிரீடம் ஏறுகிற வரைக்கும் படித்துத்தான் புத்தகத்தை மூட வேண்டும். ஒரு தடவை பெருமழை வந்து கூட்டம் முழுக்க ஓடிப்போன பிறகும், பந்தலில் ஒதுங்கிய மூன்று நாய்களுக்கும் ஒரு கிழ ஆட்டுக்கும் சுப்பராயலு பட்டாபிஷேகம் வரைக்கும் படித்துவிட்டுத்தான் எழுந்தார். அவரைக் கேலி செய்தவர்களிடம், “கேக்கிறவன் போவலாம், படிக்கிறவன் போவக்கூடாது” என்றாராம்.

அவருக்குப் போன சித்திரையில் பக்கவாதம் வந்தது. வலப் பக்கமும் பேச்சும் போயின. ஆனி கடைசியில் நெஞ்சில் சளி கட்டி மூச்சு வாங்க ஆரம்பித்தது. விழுப்புரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் பத்து நாள் பார்த்துவிட்டு, வீட்டுக்குக் கொண்டுபோய் அவருக்குப் பிடித்ததைச் செய்யுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று சூர்யகலாவுக்குத் தெரியும். அவருக்குப் பிடித்தது படிக்கக் கேட்பது. பாரதத்தை அவள் எடுக்கவில்லை. அதை அவர் வாயால் கேட்ட காதுக்குத் தன் வாயால் கேட்கக் கூசியது. அந்த மாதம் திண்டிவனத்தில் கொடுத்திருந்த ‘கல்லுக்கு வெளியே’ என்ற புத்தகத்தை எடுத்து, வீட்டு முன்னால் கீற்றுப் பந்தலில் அவருடைய நாடாக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சத்தம் போட்டுப் படித்தாள். அவளுக்குத் தெரிந்த ஒரே ராகம் அவர் பாரதம் படிக்கும் ராகம். அதிலேயே படித்தாள். ராகம் கேட்டதும் நூறுநாள் வேலைக்குப் போய்த் திரும்பின பெண்கள் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். மூன்றாம் நாள் யாரோ தாம்பாளத்தில் கற்பூரம் கொண்டுவந்தார்கள். ஐந்தாம் நாள் பொரிகடலை வந்தது. அது என்ன புத்தகம் என்று யாரும் கேட்கவில்லை. ஒரு அம்மாவுடைய பிள்ளையைப் பிடித்துக்கொண்டுபோய் அநியாயமாகக் கொன்றுவிட்டார்கள் என்பது புரிந்தது. அதற்குமேல் என்ன புரிய வேண்டும்? எதிர்வீட்டுக் காசியம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

பதினெட்டாம் நாள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் புத்தகம் முடிந்தது. அன்று மத்தியானத்திலிருந்தே சுப்பராயலுவுக்கு மேல்மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. விடிந்தால் பார்க்கலாம் என்று ஊர் பேசிக்கொண்டது. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், குகையில் ஏசுவின் உடலை வைத்துக் கல்லை உருட்டி மூடியாகிவிட்டது. மறுநாள் சனி, யூதர்களுக்கு ஓய்வுநாள், எதுவும் செய்யக்கூடாது. பெண்கள் வாசனைத் தைலத்தோடு கல்லுக்கு வெளியே காத்திருக்கிறார்கள். அவ்வளவுதான் புத்தகம். சூர்யகலா அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். வெற்றுத்தாள். மூடி வைத்துவிட்டுக் கற்பூரம் காட்டினாள். பாரத ராகத்தில் தொடங்கி, பாரத முறைப்படி பதினெட்டு நாள் நடத்திய படிப்பைச் சாவில் நிறுத்திவிட்டோம் என்பது அப்போது அவளுக்கு உறைக்கவில்லை. சுப்பராயலுவுக்கு உறைத்திருக்க வேண்டும். இடது கையால் கட்டில் சட்டத்தை நாலைந்து தடவை தட்டினார். தண்ணீர் கேட்கிறார் என்று நினைத்து அவள் தண்ணீர் கொடுத்தாள்.

மறுநாள் விடிந்தது, அவர் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. காலண்டரில் அவருடைய விருச்சிக ராசிக்கு எல்லா நாளும் ‘ஓய்வு’ என்றே போட்டிருந்தது.

மூன்றாவது சனிக்கிழமை, ஊருக்குத் தெற்கே ஆனைக்கல் என்கிற உருண்டைப் பாறைக்கு எதிரில் மூன்று பெண்கள் உட்கார்ந்திருப்பதை மாடு மேய்க்கப் போனவர்கள் பார்த்தார்கள். தலையில் முக்காடு, மடியில் ஆளுக்கொரு சின்னக் குடுவை. எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை. பாறையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கம் காற்று வீசவில்லை, காக்கை உட்காரவில்லை, பாறையில் காதை வைத்துப் பார்த்த ஒருவர் உள்ளே யாரோ மூச்சை அடக்கிக்கொண்டிருப்பதுபோல இருக்கிறது என்று சொல்லிவிட்டு மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தார். உள்ளே இருப்பது புத்தகத்தில் குகைக்குள் வைத்த அந்தப் பிள்ளைதான் என்று ஊருக்குத் தெரிந்துவிட்டது. சனிப்பிணம் தனிப்போகாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒரு சனிக்கே ஒரு துணை கேட்கும் என்றால், சனியாகவே கிடக்கும் பிணம் எத்தனை பேரைக் கேட்கும்? ஊர்கூடி ஒரு நாட்டுக்கோழியைக் கொண்டுபோய்ப் பாறைக்குப் பக்கத்தில் காலைக் கட்டிப் போட்டார்கள். மூன்று பெண்களில் ஒருத்தி எழுந்துவந்து கட்டை அவிழ்த்துவிட்டு, தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். ஊர் அதற்குமேல் ஒன்றும் செய்யவில்லை. பெண்கள் முறைவைத்து அவர்களுக்குக் கேப்பைக் கூழ் கொண்டுபோய்க் கொடுத்தார்கள், பட்டினியாக யாரையும் உட்காரவைக்கக் கூடாது என்பதால்.

காசியம்மாளின் மருமகள் பானுப்ரியாவுக்கு அது எட்டாம் மாதம். முதல் சனிக்கிழமையிலிருந்து பிள்ளை அசையவில்லை. விழுப்புரத்துக்குக் கூட்டிப்போய் ஸ்கேன் பார்த்தார்கள். நெஞ்சு துடிக்கிறது, முப்பத்து மூன்று வாரம் என்றார்கள். மூன்று வாரம் கழித்துப் பார்த்தபோதும் முப்பத்து மூன்று வாரம்தான். முன்னால் பார்த்த டாக்டர் தப்பாகக் கணக்குப் போட்டிருப்பார் என்று புது டாக்டர் சொன்னார். ஊரை விட்டுப் போனாலும் ஊரின் கிழமை உடம்போடு கூடவே போனது. பானுப்ரியா வயிற்றில் கையை வைத்தபடி, உள்ளே யாரோ வீட்டைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ராத்திரியும் பகலும் அந்தப் பேச்சுத்தான்.

அமலோற்பவம் செய்தி கேட்டு பஸ் பிடித்து வந்தார். தரைப்பாலத்தில் இறங்கி நடந்து, பாறையருகே மூன்று பெண்களைத் தூரத்தில் பார்த்தவர், கிட்டே போகாமல் சிலுவை போட்டுக்கொண்டு திரும்பிவிட்டார். எழுதினவர் வேண்டுமென்றேதான் ஏசு உயிர்த்தெழும் ஞாயிற்றுக்கிழமையை எழுதாமல் விட்டார் என்று சூர்யகலாவிடம் விளக்கினார்.

“நாங்க வருஷா வருஷம் அந்தச் சனிக்கெழமயத் தாண்டிக் குதிச்சிடுவோம் கலா. கோயில் கழுவி, பூ வாங்கி, புதுத்துணி எடுத்து, மறுநா கறிக்குச் சொல்லி வெச்சிடுவோம். மறுநா உண்டுன்னு தெரிஞ்சவங்களுக்கு அது என்னா சனிக்கெழம? அந்த ஒரு நாள்ல உண்மையா உக்காந்து பாருங்கன்னுதான் இந்தப் புத்தகம்.”

“உக்காந்தாச்சுக்கா” என்றாள் சூர்யகலா. “ஊரே உக்காந்துக்கினு இருக்குது.”

அமலோற்பவம் தன் பைபிளை எடுத்து, மாற்கு எழுதின சுவிசேஷத்தின் கடைசிப் பக்கத்தில் பஸ் டிக்கெட்டை அடையாளம் வைத்து, கட்டிலின் கால்மாட்டில் வைத்துவிட்டுப் போனார். தொடங்கினவர்தான் முடிக்க வேண்டும். ஆகவே வேறு யாரும் அதைத் தொடவில்லை. சூர்யகலாவும் தொடவில்லை. மிச்சத்தைப் படித்து முடி என்று ஊர் வந்து கேட்டது, கெஞ்சியது, பிறகு கோபித்துக்கொண்டது. ஒரு நாள் காசியம்மாள் பந்தலுக்குள் வந்து நின்று, “உங்கூட்டு ஆளு மூச்ச இழுத்துப் புடிச்சிக்கினு, எம்மருமவ வயித்தப் பூட்டி வெச்சிக்கினு கீறியே, உனுக்கே நாயமா இருக்குதா மே?” என்று கேட்டாள். நியாயம் இல்லை என்று சூர்யகலாவுக்குத் தெரியும். ஞாயிறு வந்தால் சுப்பராயலு போய்விடுவார். சனிக்கிழமையாகவே இருந்தால் காலையில் அவர் முகம் துடைக்கலாம், பால் ஸ்பூனில் புகட்டலாம், இருபத்தாறு வருஷம் கூட வாழ்ந்த ஆள் கண்ணைத் திறந்து பார்ப்பார். ஊரே சபித்தாலும் சரி, அந்த ஒரு பார்வைக்காக அவள் இன்னும் நூறு சனிக்கிழமை புளிக்காத மாவில் தோசை சுடத் தயாராக இருந்தாள். அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. அந்தச் சந்தோஷத்தை எண்ணித்தான் அவளுக்குப் பயம்.

ஆனால் நாற்பது நாள் மேல்மூச்சு என்பது சும்மா இல்லை. விலா எலும்பு ஏறி ஏறி இறங்கும். தூங்குகிறாரா என்று பார்த்தால் கண் திறந்தே இருக்கும். அதில் வலி இருந்தது. அதைப் பார்த்தும் பார்க்காததுபோல அவள் முகத்தைத் துடைத்துவிடுவாள்.

நாற்பத்தொன்றாம் சனிக்கிழமை காலையில் கூழ் கொண்டுபோகும் முறை அவளுடையது. இத்தனை நாள் சொம்பை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவாள். அன்று மூத்தவள் சொம்பை வாங்கும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த கை சில்லென்று இருந்தது.

“பொழுது எப்பம்மா விடியும்?” என்று கேட்டாள்.

எந்த பாஷையில் கேட்டாள் என்று பிற்பாடு எல்லோரும் விசாரித்தார்கள். கூழ் கேட்கிறவள் பேசும் பேச்சு மாதிரிதான் இருந்தது என்றாள் சூர்யகலா. அந்தச் சமயம் அவளுக்கு வாயில் வந்தது, “விடிஞ்சா அவரு எழுந்திடுவாராம். அதுக்குத்தான காத்துக்கினு இருக்கீங்க?” என்பது.

மூத்தவள் அவளைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். “செத்தவங்க எங்கம்மா எழுந்திருப்பாங்க? அவசர அவசரமா வெச்சிட்டாங்க. ரத்தத்தக் கூட தொடைக்கல. குளிப்பாட்டித் தைலம் தேச்சு வுட்டாத்தான் எங்களுக்கு மனசு ஆறும். வேற ஒண்ணும் இல்ல.”

திண்டிவனத்து மாடியில் இரண்டு வருஷம் பேசின பேச்சில் இப்படி ஒருவரும் சொல்லவில்லை. இவர்கள் அதிசயத்துக்காகக் காத்திருக்கவில்லை. ஒரு பிரேதத்தைக் கழுவக் காத்திருக்கிறார்கள். நாற்பத்தோரு நாளாக ஒருத்தர் வீட்டுச் சாவைக் குளிப்பாட்ட விடாமல் மறித்து வைத்திருக்கிறாள் சூர்யகலா. ஊர்ப்பகையாளி வீட்டு எழவுக்குக்கூட ஒரு குடம் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றுகிற ஊரில் பிறந்தவள். அழுதுகொண்டே வீட்டுக்கு நடந்தாள்.

கட்டிலில் உட்கார்ந்து அவர் இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். “மிச்சத்தப் படிக்கட்டுங்களா?” என்று கேட்டாள். “படிச்சா நீங்க பூடுவீங்க. எனுக்கு யாரும் இல்ல. தெரிஞ்சுதான் கேக்கறேன்.” அவர் வெகுநேரம் அவளையே பார்த்தார். பிறகு கை நழுவிக் கட்டில் சட்டத்துக்குப் போனது. தட்டினார். தண்ணீருக்காக இல்லை என்பது இப்போது அவளுக்குப் புரிந்தது. படிப்புத் தொடங்குமுன் அவர் போடும் தாளம் அது.

மத்தியானம் ஊர் முழுக்கப் பந்தலில் கூடியது. சூர்யகலா குளித்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, டிக்கெட் வைத்த பக்கத்தைத் திறந்தாள். எட்டே வசனம். வாரத்தின் முதல் நாள் விடியும்போது பெண்கள் போகிறார்கள், கல்லை யார் புரட்டுவார் என்று பேசிக்கொண்டே போகிறார்கள், கல் புரண்டு கிடக்கிறது, அவர் இங்கே இல்லை என்று வெள்ளை உடுத்திய ஒருவன் சொல்கிறான், அவர்கள் நடுங்கி ஓடிப்போய், பயத்தில் ஒருவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அதோடு டிக்கெட் வைத்த இடம் முடிந்தது. கிரீடமும் இல்லை, பட்டாபிஷேகமும் இல்லை. இது போதுமா என்பதுபோலக் காசியம்மாள் பார்த்தாள். சூர்யகலாவுக்கும் தெரியவில்லை. கற்பூரம் காட்டி, பொரிகடலை கொடுத்து எல்லோரையும் அனுப்பினாள். ராத்திரி பழக்கதோஷத்தில் பாலுக்கு உறை ஊற்றினாள்.

காலையில் அடுப்படிக்குப் போனவள் பால் சட்டியைத் திறந்தாள். தயிர் உறைந்திருந்தது. சட்டியைச் சாய்த்துப் பார்த்தாள், அசையவில்லை, கெட்டியாக இருந்தது. பந்தலுக்குப் போய்க் கட்டிலைப் பார்க்க வேண்டிய அவசியமே அவளுக்கு இல்லை. இருந்தாலும் சட்டியை மூடிவைத்துவிட்டுப் போய்ப் பார்த்தாள்.

அன்று ஆனைக்கல் பதினைந்தடி தள்ளிக் கிடந்தது. பாறை இருந்த இடத்தில் குழி ஒன்றும் இல்லை. கசங்கிய வெள்ளைத் துணி மட்டும் கிடந்தது. எதிர்வீட்டில் பானுப்ரியா வீல் என்று கத்தியபோது எல்லோரும் ஓடினார்கள். பிள்ளை உதைத்திருந்தது, அவ்வளவுதான், ஆனால் அவள் விடாமல் கத்திக்கொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தாள். சுப்பராயலுவுக்கு வெந்நீர் வைத்துக்கொண்டிருந்த நேரத்தில் அந்த மூன்று பெண்களும் ஊருக்குள் வந்தார்கள். ஓடி வந்த மூச்சு, வெளுத்த முகம், பேய் அடித்ததுபோல. குடுவைகள் நிறைந்தபடியே இருந்தன. தேய்ப்பதற்கு அங்கே உடம்பு இல்லை. யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் பந்தலுக்குள் வந்து, சூர்யகலாவுக்குப் பக்கத்தில் குந்தி, சேலையைச் செருகிக்கொண்டு அவரைக் குளிப்பாட்ட ஆரம்பித்தார்கள். மார்புக்கும் செயலற்றுப்போன வலக் கைக்கும் அந்தத் தைலத்தைப் பொறுமையாகத் தேய்த்துவிட்டார்கள். மூத்தவளின் நடுக்கம் தேய்க்கத் தேய்க்க அடங்கியது. தேய்த்து முடித்ததும் சூர்யகலாவின் உள்ளங்கையிலும் கொஞ்சம் ஊற்றினார்கள். அப்போதுதான் அவள் வாய்விட்டு அழுதாள். அவர்கள் கண்டாச்சிபுரம் ரோட்டில் கிழக்கே நடந்து போனதைக் கறிக்கடைக்காரர் பார்த்திருக்கிறார்.

ஊரில் ஞாயிறு வந்த அன்று வெளியே வெள்ளிக்கிழமை. அது அப்படியே நின்றுவிட்டது. இன்றும் ஆனைக்கல்பட்டுக்கு வெள்ளிக்கிழமைதான் ஞாயிறு. கோட்டக்குப்பத்திலிருந்து வண்டியில் துணி கொண்டுவரும் பாய், எங்களுக்கும் அன்றைக்குத்தானே விசேஷம், நல்லதாகப் போயிற்று என்கிறார். பள்ளிக்கூடம் முதல் மாதம் குழம்பியது, பிறகு பழகிவிட்டது. சுப்பராயலுவின் இறப்புச் சான்றிதழுக்கு எந்தக் கிழமை போடுவது என்று கேட்டவரிடம் சூர்யகலா ஞாயிறு என்றாள், அவரும் எழுதிக் கொடுத்துவிட்டார். பானுப்ரியாவுக்குப் பெண் குழந்தை பிறந்து ஐந்து மாதம் ஆகிறது, குப்புறக் கவிழ்கிறது.

சூர்யகலா இரண்டாவது ஞாயிறு கூட்டத்துக்கு இப்போதும் போகிறாள். அவளுக்கு அன்று செவ்வாய். மாட்டைக் காசியம்மாள் வீட்டில் கட்டிவிட்டு, ஒன்பது மணி பஸ்ஸைப் பிடிப்பாள். கூட்டம் முடிந்து அடுத்த மாதத்துக்கான புத்தகத்தை அமலோற்பவம் ஆளுக்கு ஒன்றாகக் கொடுக்கும்போது, அவள் கையை நீட்டுவதற்கு முன்னால், “இது எந்தக் கெழமையில முடியுதுக்கா?” என்று கேட்பாள். அமலோற்பவம் சிரிப்பதில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, கடைசிப் பக்கத்தைத் திருப்பி நிதானமாகப் படித்துப் பார்த்துவிட்டுச் சொல்வார்.